முன்னறையில் ஏறிய வயது

1997 ஜூலை 8, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பத்து. கச்சான் காற்று ஐந்தாவது நாளாக விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. வானத்தில் ஒரு துண்டு முகில் இல்லை. கல்முனைப் பிரதான வீதியில் தார் இளகிச் செருப்பில் ஒட்டியது. அந்த நேரத்தில்தான், கிழமைக்கு ஒரு தடவை எங்கள் ஊருக்கு வந்து நோயாளர் பார்க்கும் நெஞ்சு வைத்தியர் என் கையில் ஒரு வெள்ளைக் குழாயைத் தந்தார்.

"நல்லா மூச்சை இழுத்து, ஒரே அடியா ஊதுங்க ஹாஜியார்."

"நான் இன்னும் ஹஜ்ஜுக்குப் போகல்ல டொக்டர். வாற வருஷம்தான். அதுக்காகத்தான் உங்களிட்ட வந்த."

தாடி நரைத்து, தொப்பியும் போட்டு, முதுகு கொஞ்சம் வளைந்தால் எங்கள் பக்கத்தில் எவருக்கும் அந்தப் பட்டம் கிடைத்துவிடும். எனக்கு அது ஒவ்வொரு முறையும் குத்தும். செய்யாத கடமையின் பெயரை ஏன் சுமக்க வேண்டும்? மூன்று பெண்பிள்ளைகளின் வீடும் கலியாணமும் முடிந்த பிறகுதான் ஒரு தகப்பனுக்கு ஹஜ்ஜைப் பற்றி நினைக்க வாய்க்கிறது. நீர்ப்பாசன இலாகாவில் முப்பத்தொரு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். பென்சனோடு கிடைத்த தொகையில் மிஞ்சியதையும், மாவடிப்பள்ளியில் கிடந்த சிறு துண்டு வயலை விற்றதையும் சேர்த்துப் பயணத்துக்குக் காசு தேறிவிட்டது. காசு தேறிய நேரம் பார்த்து ஆள் பழுதாகிவிட்டேன். பள்ளிவாசலுக்குப் போகும் வழியில் முதலில் ஓர் இடத்தில் நின்று மூச்சு வாங்கினேன். பிறகு இரண்டு இடம். அந்த ஜூலையில் நான்கு இடம்.

குழாயில் மூன்று முறை ஊதினேன். இருநூற்று முப்பது, இருநூற்று இருபது, இருநூற்று நாற்பது. கடைசி முறை கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

வைத்தியரின் மேசைக் கண்ணாடிக்குக் கீழே ஓர் அட்டை இருந்தது. அடிக்கோட்டில் வயது, பக்கத்தில் ஊதும் பலம், நடுவே இறங்கிக்கொண்டு போகும் வளைகோடு. எனக்கு அப்படியான படங்கள் புதிதல்ல. குளத்தின் நீர்மட்டத்தை வருடக்கணக்காக அப்படித்தான் வரைந்து அனுப்பியிருக்கிறேன். அவர் அறுபத்தாறில் விரலை வைத்தார். கோடு அங்கே என் எண்ணுக்கு எவ்வளவோ மேலே நின்றது. எழுபது, எழுபத்தைந்து, எண்பது என்று விரல் நகர்ந்தது. அட்டை எண்பத்தைந்தில் முடிந்தது. அங்கேயும் கோடு என் எண்ணுக்கு மேலேதான் நின்றது.

"உங்கட வயசு சரிதானே?"

"பிறப்புப் பத்திரம் இரிக்கி. கொண்டு வரவா?"

"பத்திரம் சரியா இருக்கும். நெஞ்சுதான் அதை விட்டுட்டு முன்னுக்குப் போயிட்டுது." பிறகு அவர் விசாரிக்கத் தொடங்கினார். "சிகரெட்?"

"இல்ல."

"பீடி, சுருட்டு?"

"ஒரு நாளும் இல்ல."

"நெல்லு மில்லில, மர ஆலையில வேலை செய்திருக்கீங்களா?"

"கந்தோர்ல இருந்து எழுதின வேலை."

"விறகடுப்புக்குப் பக்கத்தில இருக்கிறீங்களா?"

"அடுக்களைக்குள்ள போனதே குறைவு."

அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "அப்ப எங்க படுக்கிறீங்க?"

"முன்னறையில."

"முன்னறைக்கு முன்னால என்ன?"

"வீதி."

எங்கள் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதை விளக்க வேண்டும். இந்தக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வீடு பெண்ணுக்குச் சீதனம். புது மாப்பிள்ளை வந்த அன்று உள்ளறை அவர்களுக்குப் போகும். பெண்ணின் தகப்பன் தன் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு வருவார். எவரும் சொல்வதில்லை, எவரும் கேட்பதில்லை. 1958இல் நான் இந்த வீட்டுக்கு மாப்பிள்ளையாக வந்தபோது என் மாமனார் அப்படித்தான் எனக்கு இடம் விட்டார். முன்னறையில், யன்னலோரக் கட்டிலில் இருபத்திரண்டு வருடம் படுத்தார். எண்பத்து நான்கு வயதில் மௌத்தானார். சாவதற்கு முந்திய மாதமும் தேங்காய் உரித்தார். அந்த அறைக்கு ஆயுள் தரும் குணம் உண்டு என்றே எங்கள் வீட்டில் ஒரு கதை இருந்தது.

என் மனைவி 1993இல் மௌத்தானாள். அடுத்த வருடம் கடைசி மகளுக்குக் கலியாணம். மருமகன், "வேணாம் மாமா, நீங்க உள்ளுக்கே இரிங்க" என்று இரண்டு முறை சொன்னார். மூன்றாம் முறை சொல்லவில்லை. நானும் அதை எதிர்பார்க்கவில்லை. மாமனாரின் கட்டிலையே துடைத்து, அதே யன்னலோரத்தில் போட்டேன்.

மாமனார் படுத்த காலத்தில் அந்த யன்னலைக் கடந்து போனவை நெல் வண்டிகள், சைக்கிள்கள், எப்போதாவது ஒரு பஸ். நான் படுத்த காலத்தில் வீட்டு வாசல் படலைக்கு வடக்கே இராணுவக் காவலரண் வந்துவிட்டது. பஸ்ஸில் வருகிறவர்கள் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போவார்கள். பஸ் வரிசையில் காத்துக் கிடக்கும். லொறி, மணல் ஏற்றிய உழவு இயந்திரம், ஓட்டோ எல்லாம் அதற்குப் பின்னால். காலையில் ஒருநாள் சும்மா எண்ணிப் பார்த்தேன்: என் யன்னலுக்கு நேரே மட்டும் ஒரே நேரத்தில் பதினொரு வாகனம். எஞ்சின் ஒன்றும் நிற்காது. எல்லாம் பழைய வண்டிகள். நிறுத்தினால் திரும்பக் கிளம்பாது என்ற பயம். இதில் காற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். எங்கள் வீடு வீதிக்குக் கடல் பக்கம். வைகாசியிலிருந்து கச்சான் மேற்கே இருந்து வரும். வீதியில் கிடக்கும் புகை முழுவதையும் அது அள்ளி என் யன்னலுக்குள் போடும். கடற்காற்று வந்து அதைத் தள்ளிவிடும் என்று காத்திருப்பேன். அது வரும்போது அஸர் தொழுகையும் முடிந்திருக்கும்.

ஒருநாள் பொறுக்காமல் வெளியே இறங்கி ஒரு பஸ் சாரதியிடம் கேட்டேன்.

"தம்பி, கொஞ்சம் எஞ்சினை நிப்பாட்டுங்களன்."

"நிப்பாட்டலாம் ஹாஜியார். பிறகு ஸ்டாட் எடுக்காது. வந்து தள்ளுவீங்களா?"

மிதிபலகையில் நின்ற கொண்டக்டர் அவனுக்குப் பதில் சொன்னான். "ஹாஜியார் தள்ளினா பஸ் போகாதுடா. ஹாஜியார்தான் போவார்."

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிப்பு இருமலாகி, படலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது சாரதி சிரிப்பை நிறுத்தினான். எஞ்சினை நிறுத்தவில்லை.

இவ்வளவும் தெரிந்தும் அது என் நெஞ்சைத் தின்கிறது என்று நான் நினைக்கவில்லை. புகை என்றால் கண் எரியும், துணி கறுக்கும், அவ்வளவுதான் என்று எண்ணினேன். அடையாளம் நாளுக்கு ஐந்து தடவை என் கையிலேயே விழுந்துகொண்டிருந்தது. தொழுகைக்கு முன் வுழூ எடுக்கும்போது மூக்குக்குள் தண்ணீர் இழுத்துச் சிந்துவோம் அல்லவா? என் மூக்கிலிருந்து வந்த தண்ணீர் கறுப்பு. விடியற்காலைச் சுபஹுக்கு எடுக்கும்போது மிகவும் கறுப்பு. இரவு முழுக்க மூடிய அறைக்குள் கிடந்ததால். பள்ளிவாசல் ஹவுள் தொட்டியில் என் பக்கத்தில் இருந்து வுழூ எடுப்பவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று வெட்கப்பட்டு, வீட்டிலேயே எடுத்துக்கொண்டு போகத் தொடங்கினேன். வெட்கப்பட்டேனே தவிர யோசிக்கவில்லை.

வைத்தியர் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "நிரூபிக்க என்னால ஏலாது. ஆனா நான் உங்கட யன்னலைத்தான் சந்தேகிக்கிறன்" என்றார். உறிஞ்சும் மருந்து ஒன்று எழுதினார். "இரண்டு மாசம் அந்த அறையை விட்டு வேற எங்கயும் போய் இருங்க. பிறகு வந்து ஊதுங்க."

"ஹஜ்ஜுக்குப் போகலாமா?"

"ஊதின பிறகு கதைப்பம்."

வரிப்பத்தான்சேனைக்குப் போனேன். அங்கே என் காக்கா இருக்கிறார், என்னைவிட நான்கு வயது மூத்தவர். வாப்பாவுக்கு நாங்கள் இருவர்தான். அவர் படிக்காமல் வயலுக்குப் போனார். நான் படித்துக் கந்தோருக்குப் போனேன். அவர் இரண்டு வருடத்துக்கு முன்பே ஹஜ்ஜை முடித்துவிட்டார். அவர் இருப்பதும் மதினியின் சீதன வீடு. அங்கேயும் உள்ளறையில் மகளும் மருமகனும். காக்கா முன்னறையில்தான் படுக்கிறார். அதே வழக்கம், அதேமாதிரி அறை, யன்னலோரத்தில் அதேமாதிரிக் கட்டில். அவருடைய யன்னலுக்கு முன்னால் வயல் மட்டும் கிடந்தது. வைக்கோல் எரிக்கிற நாட்களில் அங்கும் புகைதான், இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அது சில நாளில் தீர்ந்துவிடும்.

முதல் நாள் மாலை நானும் அவரும் வாய்க்கால் கட்டு மேலே போய்க்கொண்டிருந்தோம். எதிரே மண்வெட்டியோடு வந்த ஒருவர் சலாம் சொல்லிவிட்டுக் காக்காவிடம் கேட்டார்.

"ஆரு இது, உங்கட மூத்த காக்காவா?"

"ஓம், மூத்தவர்தான்" என்றார் காக்கா, முகம் மாறாமல். அந்த ஆள் போனபிறகு என் தோளில் தட்டினார். "கேட்டியா? இனி நீதான் எனக்குப் பெருநாள் காசு தரணும்."

அங்கே ஆறாம் நாள் சுபஹுக்கு வுழூ எடுத்தபோது மூக்கிலிருந்து வந்த தண்ணீர் தெளிவாக இருந்தது. நம்ப முடியாமல் வெள்ளைத் துணியில் சிந்திப் பார்த்தேன். அழுக்கில்லை. மூக்கு தெளிந்தால் நெஞ்சும் தெளியத்தானே வேண்டும் என்று கணக்குப் போட்டேன். அந்த ஆறு நாளை வைத்து, நெஞ்சுக்கு அறுபது நாள் என்று நானே ஒரு தவணையும் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு இரண்டு கோப்பை தேநீர் கூடுதலாகக் குடித்ததாக ஞாபகம்.

ஒரு மாதம் போனபிறகு காக்காவிடம் சொன்னேன்: "எனக்கு ஏலும் எண்டு நினைக்கிறன்."

"நினைச்சா காணாது. நடந்து பார்ப்பம்."

மக்காவில் ஸஃபா குன்றுக்கும் மர்வா குன்றுக்கும் இடையில் ஏழு தடவை நடக்க வேண்டும். கஃபாவைச் சுற்றும் ஏழு சுற்று அதற்கு முதல். இலாகாவில் இருந்ததால் அந்த வாய்க்காலின் அளவு எனக்குத் தெரியும். கட்டின் மேல் நின்ற ஒரு மருதமரத்துக்கும் அடுத்த மதகுக்கும் இடையில் நானூற்றைம்பது யார் தூரம். அங்கேயும் ஏறக்குறைய அதே தூரம்தான் என்று காக்கா சொன்னார். மரத்திலிருந்து மதகு, மதகிலிருந்து மரம். அஸர் தொழுதுவிட்டுத் தொடங்கினோம்.

"இஞ்ச காத்து இரிக்கி, நிழல் இரிக்கி, ஆளும் இல்ல" என்றார் காக்கா. "அங்க பின்னுக்கு இரிந்து தள்ளுவாங்க. நிண்டு மூச்சு வாங்க ஏலாது. விளங்குதா?"

முதல் நடையில் ஒரு தடவை நின்றேன். இரண்டாவதில் மூன்று தடவை. மூன்றாவதில், நடுவழியில், கால் நடக்க மறுக்கவில்லை, நெஞ்சுதான் மறுத்தது. கட்டு மேலேயே குந்திவிட்டேன். காக்கா நிற்கவில்லை. என்னைக் கடந்து மதகுக்குப் போனார், திரும்பினார், திரும்பவும் கடந்து போனார். எழுபது வயது மனிதர், சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏழையும் முடித்தார். வாய்க்காலில் முகத்தைக் கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் குந்தினார். வழக்கமாக இந்த இடத்தில் ஒரு பகிடி வரும். வரவில்லை. அதனால்தான் பயந்தேன்.

சாரன் மடிப்பை அவிழ்த்துவிட்டுச் சொன்னார். "உனக்கு ஏலாது தம்பி. பதல் அனுப்பு."

பதல் ஹஜ் என்பது இது: போக முடியாதவருக்காக, தன் ஹஜ்ஜை ஏற்கெனவே முடித்த வேறொருவர் அவருடைய செலவில், அவருக்காகவே என்று மனதில் நிய்யத்து வைத்து, அவருடைய பெயரில் போய்ச் செய்வது. கடமை இறங்கிவிடும். ஆனால் அதற்கு நிபந்தனை உண்டு. ஜும்ஆவுக்குப் பிறகு மௌலவியிடம் கேட்டபோது அவர் தெளிவாகச் சொன்னார்: "சுகமாகும் எண்ட நம்பிக்கை இரிந்தா பதல் கூடாது. நீங்க பொறுத்து, சுகமான பிறகு, நீங்கதான் போகணும். இனிச் சுகமாகாது எண்டு நல்ல வைத்தியர் ஒருவர் செல்லணும். அப்பதான் கூடும்."

ஒன்பது கிழமை முடிந்து, செப்டெம்பர் ஒன்பதாம் தேதி, மறுபடியும் அந்தக் குழாயில் ஊதினேன். இருநூற்று ஐம்பது. பத்துக் கூடியிருந்தது.

"மூக்கு சுத்தமாயிட்டு டொக்டர். ஆறு நாளில சுத்தமாயிட்டு. நெஞ்சு ஏன் ஆகல்ல?"

"மூக்கைத் தண்ணியால கழுவுறீங்க. உள்ளுக்குக் கழுவ வழி இல்ல."

"அப்ப, குணமாகுமா ஆகாதா?"

"நம்பிக்கையை விடாதீங்க."

"இல்ல டொக்டர். நம்பிக்கை இரிந்தா எனக்குக் கஷ்டம்." மௌலவி சொன்னதைச் சொன்னேன். வைத்தியர் எங்கள் மார்க்கத்தவர் அல்ல. காரைதீவுப் பக்கத்துத் தமிழர். இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது.

"அப்ப, உங்களுக்கு இனிச் சரிவராது எண்டு நான் சொல்லோணும் எண்டு கேட்கிறீங்க."

"உண்மை அதுதான் எண்டா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நிறைய நேரம் துடைத்தார். வெளியே பஸ்ஸொன்று கோர்ன் அடித்தது. "இழந்தது திரும்பி வராது ஐயா. இதுக்கு மேல கெடாமப் பார்க்கலாம். அதுக்கும் அந்த அறையில இருக்கக் கூடாது."

வாய்ப் பழக்கத்தில் "அல்ஹம்துலில்லாஹ்" என்றேன். வெளியே வந்து செருப்பைத் தேடினேன். அது காலில்தான் இருந்தது.

காக்கா வீட்டில் தொடர்ந்து இருந்திருக்கலாமே என்று கேட்பார்கள். மதினி முகம் சுளிக்கவில்லை. ஆனால் காக்கா அந்த ஒன்பது கிழமையும் தன் கட்டிலை எனக்குத் தந்துவிட்டுப் பாயில் படுத்தார். ஒரு முன்னறைக்கு ஒரு கிழவன்தான் கணக்கு. மற்ற இரண்டு மகள்மாரின் வீடுகளும் உள் ஒழுங்கைகளில், கடலுக்குக் கிட்ட இருக்கின்றன. அங்கே மருமகன்மாரின் உம்மாமாரும் வந்து கிடக்கிறார்கள். இடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

திரும்பி வந்த அன்று மகள் சொன்னாள்: "வாப்பா, நீங்க உள்ளறைக்கு வாங்க. நாங்க முன்னுக்குப் போறம். அவரும் ஓம் எண்டுட்டார்."

"புள்ளைய எங்க போடுற?"

"எங்களோடதான்."

"எங்க தொட்டில் கட்டுவீங்க?"

அவள் யன்னலுக்கு மேலே இருந்த வளைமரத்தைப் பார்த்தாள். பேரப்பிள்ளைக்கு அப்போது ஏழு மாதம். நானும் அந்த வளையைப் பார்த்தேன். அதற்குப் பிறகு அந்தக் கதையை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அழுதாள். மருமகன் வெளியே போய், அடுத்த நாள் ஒரு மேசனைக் கூட்டி வந்தார். யன்னலைக் கழற்றி, செங்கல் வைத்து அடைத்து, உள்ளுக்கும் வெளிக்கும் பூசினார்கள். இப்போது பகலிலும் விளக்குப் போட வேண்டும். மின்சாரம் நின்றால் இருட்டுக்குள் கிடப்பேன். எஞ்சின் சத்தம் குறைந்துவிட்டது. புகை கதவுக்குக் கீழால் வருகிறது. சுபஹுக்கு மூக்கில் வரும் தண்ணீர் முன்னைப்போலக் கறுப்பில்லை, சாம்பல் நிறம்.

அடுத்த வருடம் மார்ச்சில் காக்கா போனார். போகும் முன் என்னிடம் வந்து, என் பெயரையும் வாப்பாவின் பெயரையும் சேர்த்து இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார், அங்கே பிசகக் கூடாது என்று. ஹஜ்ஜில் உடுக்க நான் எனக்காக முன்னமே வாங்கி வைத்திருந்த வெள்ளை இஹ்ராம் துணியைக் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அவர் என்னைவிட உயரம். ஒரு காலத்தில் இவ்வளவு வித்தியாசம் இருக்கவில்லை. அவருக்குப் புதிதாக வாங்கினோம். என் துணி இரண்டு துண்டும் அலுமாரியில் மடித்தபடி இருக்கிறது. வீணாகாது, என்னை அடக்கும்போது கபனுக்கு ஆகும்.

பெருநாள் கழிந்து இரண்டு கிழமையில் தலை மழித்து, கறுத்து, மெலிந்து வந்து சேர்ந்தார். மக்காவின் ஸம்ஸம் கிணற்றுத் தண்ணீர் ஒரு சின்னக் கேனில் கொண்டு வந்திருந்தார். மூன்று மிடறு குடித்தேன்.

"எப்பிடி?" என்று கேட்டேன்.

"ஏழும் நடந்தன். மூண்டாவதில, நடுவில, கொஞ்சம் நிண்டன். பின்னுக்கு ஆக்கள் ஏசினாங்க."

"உங்களுக்கு மூச்சு முட்டினதா?"

"எனக்கு என்னத்துக்கு முட்டுற? நீ குந்தின இடம் அது. அதுதான் நிண்ட."

அன்று பின்னேரம் அவரை வரிப்பத்தான்சேனைக்கு அனுப்பிவிட்டுப் படலையடியில் நின்றேன். வரிசையில் நின்ற பஸ்ஸிலிருந்து பழைய கொண்டக்டர் கையைக் காட்டினான். "ஹாஜியார், சுகம்தானே?" என் ஹஜ் முடிந்துவிட்டது, ஆனால் அதைச் செய்த கால் என்னுடையது அல்ல. பதல் அனுப்பியவரை அப்படிக் கூப்பிடலாமா என்று மௌலவியிடம் நான் கேட்டிருக்கவில்லை. அவனைத் திருத்தவும் இல்லை. நீளமாகக் கதைக்க அந்தப் புகைக்குள் மூச்சும் இல்லை. ஓம் என்று தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்தேன்.

காக்காவின் விமானச் சீட்டு, அங்கே தங்கிய செலவு, இஹ்ராம் துணி, கொழும்புக்குப் போய்வந்த வான் கூலி, வைத்தியருக்குக் கொடுத்தது, உறிஞ்சும் மருந்து, யன்னலை அடைத்த செங்கல், சீமெந்து, மேசன் கூலி எல்லாமாக ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரத்து நானூற்று அறுபத்தைந்து ரூபா.